ஒரு அடி பலகை

சாரல் சீசன்ல ஐந்தருவிக்கு பைக் எடுத்துக்கிட்டுக் கிளம்பாத காலேஜ் கேங் உண்டா பாஸ்? ஆசை தீரக் குளிச்சு, சூடா பஜ்ஜி முடிச்சதும் எவனாவது ஒருத்தன் ஆரம்பிப்பான்... ‘மச்சி, அப்படியே பாலருவியையும் பார்த்துட்டு வந்துடலாம்டா!’ உடனே வண்டிகள் செங்கோட்டை, புளியரைன்னு திரும்பும். அங்கே உங்களுக்கு முன்னாடி எம்.சாண்ட், ஜல்லி, பாறாங்கல்னு ஏத்திக்கிட்டு கேரளாவுக்குப் போற லாரிகள் வரிசையா நிக்கும். இந்த லாரிகளை எதிர்த்து தென்காசி மாவட்டத்துல போராட்டம் எத்தனையோ தடவை நடந்தாச்சு. மலையைக் குடைஞ்சு எடுக்குறாங்கங்கறது ஒரு கோபம். ரோடு போச்சேங்கறது இன்னொரு கோபம். இந்த வாரம் ரெண்டாவதை மட்டும் பார்க்கலாம்.

லாரியை ‘மாடிஃபை’ பண்றதுன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஏர் ஹாரன், கலர் கலரா எல்.இ.டி., குஞ்சம்! அதெல்லாம் மேக்கப். (ஏர் ஹாரன் தப்புதான், ஆனா அது உங்க காதுக்குக் கேடு, ரோட்டுக்கு இல்லை.) நான் சொல்ல வர்றது லேசுல கண்ணுல படாது. டிப்பர் பாடியோட பக்கத் தகட்டுக்கு மேலே ஒரு அடி உயரத்துக்குக் கூடுதலா ஒரு பலகை. பாரம் தாங்குறதுக்கு அடியில ரெண்டு ஸ்பிரிங் பட்டை எக்ஸ்ட்ரா. அவ்வளவுதான்!

ஒரு அடிதானேன்னு நினைக்காதீங்க. கால்குலேட்டரை எடுங்க. பாடி 15 அடி நீளம், 8 அடி அகலம்னு வெச்சுப்போம். ஒரு அடி உயர்த்தினா 120 கன அடி, அதாவது ஒண்ணேகால் யூனிட் ஜல்லி. எடை சுமார் 5 டன்!

இப்போ சிவில் பசங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம். அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல 1958-லேர்ந்து 1960 வரைக்கும் ஒரு சோதனை நடந்துச்சு. புதுசா ரோடு போட்டு, ராணுவ வீரர்களை வெச்சு, வேற வேற எடையில லாரிகளைச் சுத்திச் சுத்தி ஓட்டவிட்டாங்க. அதுல கிடைச்சதுதான் ‘நான்காம் படி விதி’. ஆக்சில் எடை ரெண்டு மடங்கானா ரோட்டுக்கு வர்ற சேதம் ரெண்டு மடங்கு இல்லை, சுமார் 16 மடங்கு! 100 கிலோ ஆக்சில் எடை இருக்கிற உங்க பைக், 10 டன் ஆக்சில் ஒரே ஒரு தடவை போற சேதத்தை உண்டாக்கணும்னா... விதிப்படி 10 கோடி தடவை போகணும். போய்ட்டு வாங்க, பாலருவி எங்கேயும் ஓடிடாது!

நம்ம ஒரு அடி பலகைக்கு வருவோம். பத்து சக்கர லாரியில பின்னாடி இருக்கிற ரெட்டை ஆக்சிலுக்குச் சட்டம் அனுமதிக்கிற எடை 21 டன். அந்த 5 டன்னும் அதுமேலேயே உட்கார்ந்தா 26. சேதம் 2.3 மடங்கு! இதுல ஒரு கூத்து என்னன்னா, அந்த 21 டன்னே 2018 ஜூலையில மத்திய அரசு உயர்த்திக் கொடுத்தது. அதுக்கு முன்னாடி 19 டன். சட்டமே கொடுத்த அந்த 2 டன்னுக்கே சேதம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ரோடு மட்டும் பழைய ரோடுதான்.

அதுவும் நம்ம ஊர் ரோடு. சாரல் தண்ணி தார்ல இருக்கிற விரிசலுக்குள்ள இறங்கும். மேலே டயர் அழுத்தும்போது அந்தத் தண்ணிக்குப் போக்கிடம் இல்லாம, ஜல்லியில ஒட்டின தாரையே உரிச்சு எடுக்கும். புளியரை தாண்டி மலை ஏறும்போது லாரி ஆமையா ஊரும். மெதுவா போற பாரம் தார் மேலே ரொம்ப நேரம் நிக்கும், அதனால சக்கரம் போற தடத்துல பள்ளம் விழும். உச்சி தாண்டி தென்மலைப் பக்கம் இறங்குறப்போ மொத்தப் பாரமும் பிரேக் தலையிலதான். கம்பெனி அந்த பிரேக்கை டிசைன் பண்ணினது பலகை வைக்காத வண்டிக்கு.

இந்த மலைப்பாதை சும்மாவே எவ்வளவு மோசம்னு 2024 பிப்ரவரியில பார்த்தோமே! கேரளாவுலேர்ந்து பிளைவுட் ஏத்திட்டு வந்த லாரி, புளியரை ‘எஸ்’ வளைவுல நள்ளிரவுல கவிழ்ந்து ரயில் தண்டவாளத்துல போய் விழுந்துச்சு. டிரைவர் இறந்துட்டார். பக்கத்துல குடியிருந்த ஒரு வயசான தம்பதி டார்ச் லைட்டோட தண்டவாளத்துல ஓடி, வந்துக்கிட்டிருந்த ரயிலை நிறுத்தினாங்க. அது பிளைவுட்!

சரி, சட்டம் என்ன சொல்லுது? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி. புக்குக்கும் மாறா வண்டியை மாத்தக் கூடாது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுலேர்ந்து போன ஒரு வழக்குல 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதையே அடிச்சுச் சொல்லிடுச்சு. பெயின்ட் மாத்தலாம், சின்னச் சின்ன ஃபிட்டிங் பண்ணலாம், அடிப்படை டிசைன்ல கை வைக்கக் கூடாது. மீறினா உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாசம் வரை ஜெயில், இல்லேன்னா ரெண்டும். ஓவர்லோடுக்கு 20,000, அதுக்கு மேலே ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. நம்ம 5 டன்னுக்கு 30,000 ஆச்சா? காசைக் கட்டிட்டு அதே லோடோட ‘டாட்டா’ காட்டிட்டுப் போகவும் முடியாது. கூடுதல் பாரத்தை இறக்கின பிறகுதான் வண்டி நகரணும். இதை 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு.

இவ்வளவும் எடை போட்டாதான் பாஸ் வேலை செய்யும்! எடை மேடை ஏறாத லாரிக்கு 26 டன்னும் 21 டன்தான். எஃப்.சி. அன்னிக்குப் பலகையைக் கழட்டி வெச்சுட்டா ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் அது கம்பெனி வண்டிதான்.

இன்னொண்ணு. கோபத்தை டிரைவர் அண்ணன்மேல காட்டாதீங்க. பலகை வெச்சது அவர் இல்லை, அதுல வர்ற லாபமும் அவருக்கு இல்லை. ஓட்டுறவரை மட்டுமில்ல, ஓட்ட வைக்கிறவரையும் ஓவர்லோடு பிரிவு பிடிக்கும். முதலாளிக்குத் தெரிஞ்சுதான் நடந்துச்சுன்னு கோர்ட் எடுத்துக்கவும் 113-வது பிரிவுல இடம் இருக்கு. நம்ம கண்ணுல மட்டும் எப்பவும் ஸ்டியரிங் பிடிச்சவர்தான் மாட்டுறார்.

அடுத்த தடவை பாலருவிக்குப் போறப்போ, ஓவர்டேக் பண்ணத் துடிக்காம, கொஞ்சம் தள்ளியே பின்னாடி போய்ப் பாருங்க. பாடியோட பழைய பெயின்ட் ஒரு இடத்துல முடியும். அதுக்கு மேலே வேற கலர்ல ஒரு தகடு ஆரம்பிக்கும். நடுவுல வெல்டிங் கோடு. அங்கேர்ந்து ஒரு அடி அளந்துக்கோங்க.