சூடான் யுத்தமும் துபாய்த் தங்கமும்

சூடானில் எந்த ஊர் யார் கையில் விழுந்தது என்று விசாரிப்பவர்கள் எம்மத்தியில் அதிகம். கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கை கேட்பது போலத்தான் கேட்கிறார்கள். 2025 மார்ச் 21ஆம் திகதி, நோன்பு மாதத்தில், கார்ட்டூம் ஜனாதிபதி மாளிகையை இராணுவம் மீட்டபோது "இத்தோடு யுத்தம் முடிந்தது" என்றார்கள். ஏழு மாதம் கழிந்து ஒக்டோபர் 26ஆம் திகதி எல் பாஷர் நகரம் வீழ்ந்தபோது அதே வாய்கள் "இனி இராணுவத்தால் எழும்ப முடியாது" என்றன. இரண்டும் தவறாகிப் போயின. இது வர்த்தகப் பத்தி என்பதால் யுத்தத்தைக் கணக்குப் புத்தகத்தின் பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன். அப்படிப் பார்த்தால் சூடானில் நடந்த ஏற்ற இறக்கங்கள் அவ்வளவு புதிராகத் தெரியாது.

மோதுகின்ற இரு தரப்பும் முன்னாள் பங்காளிகள். ஜெனரல் அப்துல் பத்தாஹ் அல் புர்ஹானின் இராணுவமும் ஹமீத்தி என அழைக்கப்படும் முஹம்மத் ஹம்தான் தக்லோவின் துரித ஆதரவுப் படையும் 2021 ஒக்டோபரில் ஒன்றாகச் சேர்ந்துதான் சிவில் ஆட்சியைக் கவிழ்த்தன. பின்னர் துரித ஆதரவுப் படையை இராணுவத்தில் இணைப்பதற்கு இரண்டு வருடம் போதும் என்றது ஒரு தரப்பு, பத்து வருடம் வேண்டும் என்றது மற்றைய தரப்பு. அந்த இழுபறி 2023 ஏப்ரல் 15ஆம் திகதி வெடித்தது. இதனைப் பதவிச் சண்டை என்றே பலரும் எழுதினர். என்னைப் பொறுத்தவரை இது இரண்டு பெரும் கம்பனிகள் ஒன்றாக மறுத்த கதை. இராணுவத்திடம் ஆயுத உற்பத்தி தொடக்கம் பல துறைகளில் கம்பனிகள் இருந்தன. ஹமீத்தியின் குடும்பத்திடம் தங்கம் இருந்தது. 2011இல் தென் சூடான் பிரிந்து சென்றபோது எண்ணெய் உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு கை நழுவியது. அந்த இடத்தை நிரப்பியது தங்கம். டார்பூரில் ஜபல் ஆமிர் தங்கச் சுரங்கங்களை 2017இல் ஹமீத்தியின் ஆட்கள் கைப்பற்றியது முதல், அரச திறைசேரியைப் பார்த்திராமலே சம்பளம் கொடுக்கக்கூடிய ஒரு படை உருவாகிவிட்டது. யுத்தம் தொடங்கி இரண்டு மாதம் கூட ஆகாத நிலையில், 2023 ஜூன் 1ஆம் திகதி அமெரிக்கா முதன்முதலில் தடை விதித்தது தளபதிகளுக்கு அல்ல. இரு தரப்புக்கும் சொந்தமான கம்பனிகளுக்கே விதித்தது. நோயைச் சரியாகத்தான் கண்டிருக்கிறார்கள், மருந்துதான் போதவில்லை.

முதல் ஒன்றரை வருடம் துரித ஆதரவுப் படையின் காலம். பாரமான தாங்கிகளை வைத்துக்கொண்டு முகாமுக்குள் அடைபட்டுக் கிடந்த இராணுவத்தை, இயந்திரத் துப்பாக்கி பூட்டிய லேண்ட் குரூசர்களில் வந்தவர்கள் சுற்றிச் சுற்றி அடித்தார்கள். தலைநகரின் பெரும்பகுதி போயிற்று. 2023 டிசம்பரில் வத் மதனி நகரம் பெரிய எதிர்ப்பு எதுவுமின்றி விழுந்தது. அந்த நகரம் போனதென்றால் ஜஸீரா போனது என்று பொருள். 1925இல் ஆரம்பிக்கப்பட்ட ஜஸீரா நீர்ப்பாசனத் திட்டம் சுமார் ஒன்பது இலட்சம் ஹெக்டயர் பரப்பைக் கொண்டது. நாட்டின் கோதுமையில் பெரும்பங்கு விளைந்த மண் அது. விதை, உழவு இயந்திரம், களஞ்சியம், கால்வாய்ப் பம்பி என்று ஒன்றும் மிஞ்சவில்லை. 2024 ஓகஸ்டில் டார்பூரின் ஸம்ஸம் அகதி முகாமில் பஞ்சம் அதிகாரபூர்வமாக உறுதிப்படுத்தப்பட்டதற்கு முற்றுகை ஒரு காரணம். அந்நாட்டின் களஞ்சியமே சூறையாடப்பட்டிருந்ததும் ஒரு காரணம்.

பிறகு காற்று மாறியது. 2024 செப்டெம்பர் இறுதியில் இராணுவம் பாலங்களைக் கடந்து கார்ட்டூமுக்குள் புகுந்தது. ஒக்டோபரில் ஜபல் மோயா, நவம்பரில் சிங்கா, 2025 ஜனவரி 11ஆம் திகதி வத் மதனி என்று வரிசையாக மீண்டன. ஈரானிய, துருக்கிய ஆளில்லா விமானங்கள் இராணுவத்திற்குக் கிடைத்ததுதான் காரணம் என்பார்கள். அது உண்மை. ஆனால் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்றை. கொள்ளையைக் கூலியாகக் கொண்டு திரட்டப்பட்ட படை, கொள்ளையிட வீடு இருக்கும் வரைதான் நிற்கும். கார்ட்டூமிலும் ஜஸீராவிலும் கதவு, ஜன்னல், மின்சார வயர் வரை கழற்றியாகிவிட்டது. அள்ளியதை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு மேற்கே ஊருக்குப் போனவர்கள் பலர் திரும்பி வரவில்லை. மூலதனத்தைத் தின்றுகொண்டு நடத்தப்படும் எந்த வியாபாரத்திற்கும் இதே கதிதான்.

ஆயினும் மாளிகையை மீட்ட இராணுவத்திற்குக் கிடைத்தது கட்டடமே தவிர வருமானம் அல்ல. தலைநகருக்கு வடக்கேயுள்ள ஜைலி எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் பீப்பாய் கொள்ளளவு உடையது. 2025 ஜனவரியில் அதை மீட்டபோது பெரும் சேதமடைந்திருந்தது. மே 4ஆம் திகதி முதல் போர்ட் சூடான் மீது ஆளில்லா விமானங்கள் வந்தன. விமான நிலையம், எரிபொருள் தாங்கிகள், மின் நிலையம் ஆகியன தாக்கப்பட்டன. அப்போது அந்தத் துறைமுக நகரம்தான் அரசாங்கத்தின் தற்காலிகத் தலைநகரம். நிவாரண உணவு, எரிபொருள், ஏற்றுமதி, ஹஜ்ஜுப் பெருநாளுக்காகச் சவூதி அரேபியாவுக்குக் கப்பலேறும் செம்மறியாடுகள் எல்லாமே செங்கடல் கரை வழியாகத்தான். தரையில் பின்வாங்கிய ஒரு படை, எதிரியின் காசுப் பெட்டியை ஆகாயத்திலிருந்து அடித்தது.

எல் பாஷர் பற்றிச் சற்று நின்று எழுத வேண்டும். 2024 மே மாதம் தொடங்கிய முற்றுகை ஒன்றரை வருடம் நீடித்தது. 2025இல் நகரைச் சுற்றி மண் அணை எழுப்பினார்கள். செய்மதிப் படங்களில் அது தெளிவாகத் தெரிந்தது. உள்ளே சாமான் கடத்திப் போகிறவன் பிடிபட்டால் உயிர் போகும். ஆகவே உள்ளே போன ஒவ்வொரு மூட்டைக்கும் உயிருக்கான விலையும் சேர்ந்தது. மக்கள் 'அம்பாஸ்' சாப்பிட்டார்கள். கச்சான் எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் புண்ணாக்குத்தான் அது, மாட்டுத் தீனி. கடைசியில் அந்தப் புண்ணாக்கும் தட்டுப்பாடாகி விலையேறியது. கச்சான் உற்பத்தியில் உலகில் பேர்போன ஒரு நாட்டில், கச்சான் விளையும் மாநிலத்தின் தலைநகரில் நடந்தது இது. நகரம் வீழ்ந்தபோது சவூதி மகப்பேற்று வைத்தியசாலையில் மட்டும் 460 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் தெரிவித்தது. அடுத்த மாதமே எல் பாஷரிலும் கதுக்லியிலும் பஞ்சம் உறுதிப்படுத்தப்பட்டது. இதை எல்லாம் "ஒரு நகரம் கைமாறியது" என்று ஒற்றை வரியில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு சண்டை கொர்தொபானுக்கு நகர்ந்தது. 2025 டிசம்பர் 1ஆம் திகதி பாபனூஸா, 8ஆம் திகதி ஹெக்லிக் எண்ணெய் வயல் என இரண்டும் துரித ஆதரவுப் படையின் கைக்குப் போயின. ஹெக்லிக்கில் ஒரு விசேடம் உண்டு. கடல் இல்லாத தென் சூடானின் எண்ணெயும் அங்குதான் பதப்படுத்தப்பட்டுக் குழாய் வழியே செங்கடலுக்குப் போகிறது. 2024இல் வேறொரு குழாய் பழுதாகி, யுத்தத்தால் திருத்த முடியாமல் கிடந்தபோது தென் சூடான் அரசாங்கம் சுமார் ஒரு வருடம் தன் வருமானத்தில் பெரும்பகுதியை இழந்து, ஊழியருக்குச் சம்பளமும் கொடுக்க முடியாமல் தவித்தது. எனவே ஹெக்லிக் விழுந்த சில நாட்களுக்குள் தென் சூடான் இராணுவம் அங்கே காவலுக்குப் போனது. மூன்று தரப்பும் இதற்கு உடன்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கவனியுங்கள்: பட்டினி கிடக்கும் மக்களுக்காக மூன்று மாத மனிதாபிமான யுத்த நிறுத்தத்தை அமெரிக்கா, சவூதி அரேபியா, எகிப்து, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகியன 2025 செப்டெம்பரில் முன்வைத்தன. நவம்பரில் ஒரு தரப்பு சரி என்றது, மற்றையது முடியாது என்றது. குழாயில் ஓடும் எண்ணெய்க்காக இரண்டும் ஒரே வாரத்தில் இணங்கின.

இனி தங்கம். 2024இல் சூடானின் உத்தியோகபூர்வ உற்பத்தி சுமார் 64 தொன். கடத்தப்படுவது இதில் சேராது. யுத்தம் தொடங்கியபோது ஓர் அவுன்ஸ் 2,000 டொலர் அளவில் இருந்தது. எல் பாஷர் வீழ்ந்த அதே ஒக்டோபரில் அது முதன்முறையாக 4,000 டொலரைத் தாண்டியது. விலை இரட்டிப்பானால் அதே சுரங்கம் இரண்டு மடங்கு துப்பாக்கிகளுக்குச் செலவு கொடுக்கும். டார்பூர்த் தங்கம் சாட் போன்ற அயல் நாடுகளூடாகவும், இராணுவப் பிரதேசத் தங்கம் முறையான பத்திரங்களுடனும் வெளியேறுகிறது. போய்ச் சேருமிடம் பெரும்பாலும் ஒன்றுதான்: துபாய். துரித ஆதரவுப் படைக்கு ஆயுதம் கொடுப்பதாகக் கூறப்படுவதை ஐக்கிய அரபு இராச்சியம் தொடர்ந்து மறுத்து வருகிறது. சாட் வழியாக ஆயுதம் சென்றதாகக் கூறப்படுவது நம்பத்தகுந்தது என்று ஐ.நா. நிபுணர் குழு 2024 ஜனவரியில் எழுதியது. சூடான் சர்வதேச நீதிமன்றம் சென்றது. 2025 மே 5ஆம் திகதி நியாயாதிக்கம் இல்லை என்று வழக்கு தள்ளுபடியானது. மறுநாள் சூடான் இராஜதந்திர உறவை முறித்தது. ஆனால் அதுவரை, எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகத் தான் குற்றஞ்சாட்டிய நாட்டுக்கே இராணுவத் தரப்பும் தங்கத்தை விற்று வந்தது. வேறு எங்கே விற்பது என்று அவர்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் இந்த யுத்தத்தில் எவரும் தோற்பதில்லை.

பிசினின் கதையும் இப்படியே. குளிர்பானம், இனிப்புப் பண்டம், மருந்து மாத்திரை ஆகியவற்றில் சேரும் அரபுப் பிசினில் உலகத் தேவையின் பெரும்பகுதி சூடானின் வேல மரங்களிலிருந்து வடிகிறது. 1997இல் அமெரிக்கா சூடான் மீது பொருளாதாரத் தடை போட்டபோதும் பிசினுக்கு விலக்களித்தது. சோடாவுக்காகச் சட்டம் வளைந்த அபூர்வ சந்தர்ப்பம். அதன் பெருஞ்சந்தையான அல் உபைத் நகரின் முற்றுகையை இராணுவம் 2025 பெப்ரவரியில் உடைத்தது. இன்னொரு சந்தையான அந் நஹூத் மே மாதம் மறுதரப்புக்குப் போனது. லொறிக்காரன் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் 'வரி' கட்டுகிறான். குளிர்பானப் போத்தலை வாங்குவதா விடுவதா என்று நீண்ட நேரம் விவாதிக்கும் நாங்கள், அந்தப் போத்தலுக்குள் இருக்கும் பிசினைப் பற்றி ஒருபோதும் கேட்டதில்லை.

காசும் இரண்டாகிவிட்டது. 2024 டிசம்பரில் இராணுவ அரசாங்கம் பெரிய நோட்டுகளை மாற்றியது. மறுதரப்பு புதிய நோட்டைத் தன் பிரதேசத்தில் தடை செய்தது. யுத்தத்திற்கு முன் டொலருக்கு 600 பவுண் அளவில் இருந்த நாணயம் 2025இல் வெளிச்சந்தையில் 3,000ஐக் கடந்தது. எண்பதுகளில் முழு வங்கி முறையையும் வட்டியில்லா முறைக்கு மாற்றிய நாடு அது. இஸ்லாமிய வங்கியியல் பற்றிப் பேசும் எமது கருத்தரங்குகளில் சூடானின் பெயர் அடிபடாத நாள் இல்லை. இன்று அங்கே சாதாரண மக்களைக் காப்பாற்றி வருவது கார்ட்டூம் வங்கியின் 'பங்கக்' என்ற கையடக்கத் தொலைபேசிச் செயலி. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் தொகையை அதில் பெற்று, முகவரிடம் பெரும் கழிவு கொடுத்துக் காசாக்கிக் கொள்கிறார்கள். செய்மதி இணையக் கருவியை வைத்திருப்பவன் பல இடங்களில் துப்பாக்கி வைத்திருப்பவனே.

எமது தேயிலை ஏற்றுமதியாளருக்கு ஒரு குறிப்பு. 2025 பெப்ரவரியில் துரித ஆதரவுப் படைக்கு நைரோபியில் கூட்டம் நடத்த இடமளித்ததற்காக, மறு மாதமே கென்யத் தேயிலை உட்பட அந்நாட்டுப் பொருட்களைச் சூடான் தடை செய்தது. கென்யத் தேயிலையின் முக்கிய கொள்வனவாளர்களில் ஒன்று சூடான். அந்த இடைவெளியை நிரப்ப ஓடுமாறு நான் சொல்ல மாட்டேன். அரசியலால் திறக்கும் சந்தை அரசியலாலேயே மூடும்.

செட்டியார் தெருவில் நகைக் கடை வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் இதையெல்லாம் கூறியபோது, "உருக்கிய தங்கத்தில் ஊர்ப் பெயர் எழுதியிருக்குமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். துபாய் எமது பிள்ளைகள் பல்லாயிரம் பேருக்குச் சோறு போடும் ஊர். அதைப் பகைத்துக்கொள்ள இச்சமூகத்தில் யாருக்கும் மனமில்லை, எனக்கும் இல்லை. ஆனால் ஐக்கிய அரபு இராச்சியமே 2023 முதல் சுத்திகரிப்பு நிலையங்கள் தங்கத்தின் மூலத்தை விசாரித்துப் பதிய வேண்டும் என்று விதித்திருக்கிறது. சர்வதேச கறுப்புப் பண கண்காணிப்பு அமைப்பின் சாம்பல் பட்டியலில் 2022 மார்ச் முதல் 2024 பெப்ரவரி வரை நின்ற அனுபவம் அதற்கு உண்டு. ஆகவே கட்டி வாங்கும்போது சுத்திகரித்த நிலையத்தின் பெயரையும் மூலத்துக்கான பத்திரத்தையும் கேட்பது அந்நாட்டை அவமதிப்பதல்ல, அந்நாட்டின் விதிப்படி கேட்பதுதான். வரவு செலவுக்கு ரசீது கேட்கிறோம், மாற்றுக்கு முத்திரை கேட்கிறோம். இன்னொரு தாளையும் கேட்பதால் வியாபாரம் படுத்துவிடாது. நண்பர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த தடவை துபாய் போகும்போது தனக்கு விற்பவரிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். கேட்டால் அவர் விலையைக் கூட்டுவாரா, ஆளை மாற்றச் சொல்வாரா என்பதுதான் தனது கவலை என்றார்.