ஈர நிலத்தின் மேல் எரியும் காடு

கோடைதோறும் பழனி மலைத்தொடரின் கொடைக்கானல் மேல்மலையில் தீப்பற்றுகிறது. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் பூம்பாறை, மன்னவனூர் வட்டாரத்தில் மூண்ட தீ நாள்கணக்கில் எரிந்தது. தீ அணைந்ததும் பேச்சும் அணைந்துவிடுகிறது. எரிந்தது எது, அது அங்கே நின்றது முறைதானா என்று கேட்பார் இல்லை. அக்கேள்வி மலைவாழ் மக்களுக்கு மட்டும் உரியதன்று. வராக நதியும் மஞ்சளாறும் மருதாநதியும் பழனி மலைச் சரிவுகளில் பிறந்து வைகையில் கலப்பவை. வைகை நீரில் பெரும்பங்கு முல்லைப்பெரியாறும் வருசநாட்டு மலையும் தருவதே. ஆயினும் வைகைக் கரையிலுள்ள பரவையில் நெல் விளைவிக்கும் உழவரும், மதுரையில் குடிநீர்க் குழாயைத் திறப்பவரும் பழனி மலைக்கு அயலார் அல்லர்.

அம்மலையின் உச்சிப் பரப்பில் இயற்கை வகுத்த ஒழுங்கு தெளிவானது. மலைமடிப்புகளில் சோலை, மேடுகளில் புல்வெளி, புல்வெளி தாழுமிடத்தில் சதுப்பு. சதுப்பின் கரிய மண் மழைநீரை உறிஞ்சி வைத்து, மழையற்ற திங்கள்களில் சிறுகச் சிறுகக் கசியவிடுகிறது. அங்கே குனிந்து பார்ப்பவர் கண்ணுக்கு அழுகண்ணி தென்படும். விரல்நுனியினும் சிறிய இலை. அதன்மேல் செந்நிற மயிர்கள். ஒவ்வொரு மயிரின் முனையிலும் ஒரு பசைத்துளி. வந்தமரும் சிறுபூச்சி ஒட்டிக்கொள்ள, மயிர்கள் மெல்ல வளைந்து அதனை மூடுகின்றன. வளமற்ற ஈரமண் தராத தழைச்சத்தை அச்செடி பூச்சியின் உடலிலிருந்து பெறுகிறது. அதற்கு வேண்டியவை இரண்டே: வற்றாத ஈரம், தடையற்ற வெயில்.

இவ்விரண்டையும் பறித்தவர்கள் நாம். புல்வெளியைத் தரிசு என்று கணக்கெழுதி, தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை (வாட்டில்) மரத்தையும், ஆலைக்கும் விறகுக்குமாக யூகலிப்டஸையும் பைனையும் அதன்மேல் நட்டோம். 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததெனச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. வேளாண்மையும் இவ்வயல்மரத் தோட்டங்களுமே அதற்குக் காரணம். சுற்றுலாப் பயணியர் படமெடுத்து மகிழும் பைன் காட்டின் அடியில் அவர்கள் கண் காணாத வெறுமை உள்ளது: எளிதில் மட்காத ஊசியிலைச் சருகு, அதன்கீழ் ஒளியிழந்த மண். தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பர்க் மலைப் புல்வெளியில் மெக்சிகோவின் பட்டுலா பைனை நட்டு அளந்தபோது ஓடைநீர் பெரிதும் குறைந்தது. அதே பைன்தான் நம் மலையிலும் வேரூன்றியுள்ளது.

பைன் மரத்தை நாம் பழிக்கவில்லை. அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலோரச் சமவெளியில் நீண்ட இலைப் பைன் காடுகள் நீர் தேங்கும் மணல்நிலத்தில் நிற்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிந்தே அவை வாழ்கின்றன. அப்பைனின் கன்று முதற்சில ஆண்டுகள் உயராமல் புற்கொத்தாகவே இருந்து, நடுக்குருத்தை நெடிய ஊசியிலைகளால் தீயினின்று காக்கிறது. தீ அடிநிலத்தைத் திறந்துவைப்பதால் குடுவைச் செடியும் அழுகண்ணியின் உறவுச் செடிகளும் அங்கே செழிக்கின்றன. ஒரு சதுர மீட்டருக்குள் நாற்பது வகைச் செடிகள் எண்ணப்பட்ட இடங்களும் உண்டு. தீயை முற்றும் தடுத்த காலத்தில் புதர் மண்டி அக்காடுகள் சீர்கெட்டன என்பதை அந்நாட்டார் காலந்தாழ்ந்தே உணர்ந்தனர். அங்கே மரமும் புல்லும் தீயும் பல்லாயிரம் ஆண்டு உறவினர். நம் மலையில் அந்த உறவு இல்லை. இங்கே தீ சருகை எரித்தபின் பட்டுலாவின் காய்களை வெப்பம் திறக்கிறது. மண்ணுள் உறங்கிய சீகை விதைகள் கூட்டமாய் முளைக்கின்றன. ஒவ்வொரு தீயும் அயல்மரங்களுக்கே வழிவிடுகிறது.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வெட்டிச் சாய்ப்பதும் தீர்வாகாது. மரம் நீங்கிய வெற்றிடத்தை முதலில் பிடிப்பதும் சீகையே. சில பழைய தோட்டங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமே தலையெடுத்துள்ளன. அவ்விடங்களில் மேல்மரத்தைக் காத்திருந்து அகற்றுவதே அறிவு. மாறாக, எஞ்சிய புல்வெளிக்குள் இப்போதுதான் நுழையும் இளம் பைனையும் சீகையையும் வேரோடு பிடுங்குவதற்கு ஒரு நாளும் தாழ்த்தலாகாது. 2022இல் தமிழக அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கெனக் கொள்கை வகுத்தது. அவற்றை அகற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றமும் பன்முறை வலியுறுத்தியுள்ளது. வெட்டிய பரப்பைக் காட்டுவதோடு பணி முடியாது. வெட்டிய இடத்தில் மீண்டும் முளைப்பதை ஆண்டுதோறும் களைய ஆளும் பொருளும் வேண்டும். மரம் நடுவிழாக்களைப் புல்வெளியில் நடத்துவதை இன்றே நிறுத்த வேண்டும்.

சதுப்புகளை முதலில் மீட்க வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. பரப்பில் சிறியவை, நீரைத் தேக்குவதில் முதன்மையானவை. அவற்றைச் சூழ்ந்த பைனை அகற்றி, வெட்டிய வடிகால்களை அடைத்து, நாட்டுப் புல்லின் நாற்றை நடலாம். 2018இல் பூத்த குறிஞ்சி மீண்டும் பூக்கும் ஆண்டு 2030. அதற்குள் மேல்மலைச் சதுப்புகளுக்கு எல்லை வரைந்து, சதுப்பு ஒவ்வொன்றின் நிலையையும் ஆண்டறிக்கையாக வெளியிட வனத்துறை முன்வர வேண்டும். அவ்வறிக்கையைக் கேட்டுப் பெறும் கடமை வைகைப் பாசன உழவர்களுக்கும் மதுரை மாநகராட்சிக்கும் உண்டு.