கழுத்து திரும்பலைன்னா கண்ணாடி மட்டும் போதுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுல யாராவது வண்டி ஓட்டுறவங்க இருந்தா பொறுமையா படிங்க.

போன வாரம் காலை ஓ.பி.யில் ஒரு ஜீப் டிரைவர் அண்ணன் வந்தார். வயது 58. ஊர் காமயகவுண்டன்பட்டி. இங்க கே.கே.பட்டின்னு சொன்னாத்தான் எல்லாருக்கும் தெரியும். விடியறதுக்கு முன்னாடியே தோட்ட வேலைக்குப் போற பெண்களை ஏத்திக்கிட்டு, கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேடு பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துல இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்பக் கூட்டிட்டு வருவார். முப்பது வருஷமா இதே பிழைப்பு.

"கழுத்து திரும்ப மாட்டேங்குது சார். மாத்திரை எழுதிக் குடுங்க"ன்னார்.

இடது பக்கம் திருப்பச் சொன்னேன். இளவயசுல ஒரு பக்கத்துக்கு சுமார் 80 டிகிரி வரை கழுத்து திரும்பும். இவருக்கு அதுல பாதி கூட இல்லை. கழுத்தோட சேர்ந்து தோளும் திரும்புது.

"இந்தக் கழுத்தை வெச்சுக்கிட்டு எப்படிண்ணே வண்டி ஓட்டுறீங்க?"

சிரிச்சார். "அதுக்குத்தான் அஞ்சு கண்ணாடி மாட்டியிருக்கேன் சார். இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் அத்தனையும் தெரியும்."

ஓ.பி. முடிஞ்சதும் வெளியே போய்ப் பார்த்தேன். பழைய ஜீப். மேல தார்ப்பாய். முன் கண்ணாடிக்கு மேலே, அஞ்சு துண்டுக் கண்ணாடியை வில் மாதிரி வளைச்சு வரிசையா வெச்ச நீளமான மிரர்.

இது ரேஸ் கார்களிலும், பழைய ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்களிலும் ஆசையா மாட்டுற சமாச்சாரம். அந்தக் கால கார்களில் சைடு மிரர் சின்னதா இருக்கும், சிலதுல ஒரு பக்கம்தான் இருக்கும். அதனால உள்ளேயே அகலமான கண்ணாடி. ஒவ்வொரு துண்டும் சமதளக் கண்ணாடி என்பதால் பின்னாடி வர்ற வண்டி அதன் சரியான அளவில் தெரியும். வெளியே இருக்கிற குவிந்த மிரர் அகலமா காட்டும். ஆனா வண்டியைச் சின்னதாக்கி, தூரத்துல வர்ற மாதிரி நம்பவைக்கும்.

ஆக, அண்ணன் செஞ்சது தப்பில்லை. கழுத்து இறுகினவருக்கு அகலமான கண்ணாடி பெரிய உதவி. ஆனா நான் டிரைவர் சீட்டுல ஏறி உட்கார்ந்து பார்த்தப்பதான் விஷயம் புரிஞ்சது.

நடுவுல இருக்கிற மூணு துண்டுல பின்சீட்டு தெரியுது. அப்ப வண்டி காலி. காலையில 14 பேர் உட்கார்ந்தா அவங்க முகம்தான் தெரியும், ரோடு தெரியாது. ரெண்டு ஓரத் துண்டுலயும் தார்ப்பாய். மலையில மழை, பனின்னு பக்கவாட்டுத் திரையையும் இறக்கிவிட்டா சுத்தமா ஒண்ணும் தெரியாது. திறந்த ஸ்போர்ட்ஸ் கார்ல அஞ்சு ஜன்னலா இருந்தது, இங்கே அஞ்சு சுவரா ஆயிடுச்சு.

இடது பக்கம் பார்த்தேன். சைடு மிரர் இருந்த இடத்துல வெறும் கம்பி.

"எங்கண்ணே மிரர்?"

"பஸ்காரன் தட்டிட்டுப் போயிட்டான் சார். அதான் உள்ளே பெருசா இருக்கேன்னு விட்டுட்டேன்."

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன். அகலமான கண்ணாடி வந்ததும், அத்தியாவசியமான கண்ணாடி போயிடுச்சு!

விபத்துல அடிபட்டு வர்றவங்களைக் கூட்டிட்டு வர்ற டிரைவர்கள் சொல்லி நான் அதிகமா கேட்ட வாக்கியம், "அவன் லெப்ட்ல வந்ததையே பார்க்கல சார்." பொய் சொல்றதில்லை. நிஜமாவே பார்த்திருக்க மாட்டாங்க. 40 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி ஒரு நொடியில 11 மீட்டர் போயிடும். கடைசி நொடியில சட்டுனு ஸ்டியரிங்கை ஒடிச்சா, முதல்ல வெளியே விழறது ஜீப்போட பின்பக்கம் உட்கார்ந்திருக்கிற அக்காக்கள்தான்.

வரலாறுல ஒரு சம்பவம். 1911-ல் நடந்த முதல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில், மத்த கார்களில் பின்னாடி வர்றதைப் பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக்கும் உட்கார்ந்திருந்தார். ரே ஹாரூன் மட்டும் தனியா வந்தார். ஆட்சேபணை எழுந்ததும் ஒரு கண்ணாடியை மாட்டினார். ஜெயிக்கவும் செய்தார். செங்கல் பாவின தரையில கண்ணாடி ஆடின ஆட்டத்துல அதுல ஒண்ணுமே தெரியலைன்னு பின்னாளில் அவரே ஒத்துக்கிட்டதா சொல்வாங்க. தோட்டத்து ரோட்டுல ஆடுற ஜீப் மிரருக்கும் இது பொருந்தும்.

ஒரு மருத்துவரா நான் சொல்றது இவ்வளவுதான்:

1. சைடு மிரர் ரெண்டும் முதல்ல. அகலமான மிரர் அதுக்கு மேலே கூடுதல் துணை. டூவீலருக்கும் இதேதான். அழகு கெடுதுன்னு கழட்டாதீங்க.

2. அகலமான மிரர் மாட்டினா ஆடாம, இறுக்கமா மாட்டுங்க. கண் மட்டத்துக்கு மேலே இருக்கணும். எதிர்ல வர்றதை மறைச்சா பிரயோஜனமில்லை. மோதினா கழண்டு முகத்துல அடிக்கும். கண்ணாடிச் சில்லு கண்ணுக்கு எமன்.

3. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கும். அங்கே ஒரு பைக் நொடி நேரம் மறைஞ்சுபோகும். ஒருமுறை பார்த்துட்டு முடிவெடுக்காதீங்க.

4. கழுத்து வலியை மறைக்காதீங்க. சலூன்ல சொடக்கு எடுக்காதீங்க. கழுத்து வழியா மூளைக்குப் போற ரத்தக்குழாய் கிழியலாம். கை மரத்துப்போனா, நடை தடுமாறினா உடனே வாங்க.

5. நாற்பது தாண்டினா, சுகர் இருந்தா, வருஷம் ஒருமுறை கண் பரிசோதனை. கண்ணழுத்த நோய் முதல்ல ஓரப் பார்வையைத்தான் தின்னும், வலியே தெரியாது. ஓரம் தெரியாத கண்ணுக்கு அஞ்சு கண்ணாடி இருந்தும் என்ன பயன்?

எங்க பக்கத் தப்பையும் சொல்லிடறேன். லைசென்ஸ் புதுப்பிக்க 1ஏ படிவத்தோட வர்றவங்களைக் கழுத்தைத் திருப்பச் சொல்லி நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்? ரொம்பக் கம்மி. இனிமே பார்ப்பேன்.

"14 பேர் ஏத்தலைன்னா டீசலுக்குக் கட்டாது சார்"னு அண்ணன் சொன்னதுல நியாயம் இருக்கு. அந்தக் கணக்கைத் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து போடணும். ஆனா இடது பக்க மிரருக்கு சில நூறு ரூபாய்தான். அதுக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவருக்கு மாத்திரை, கழுத்துப் பயிற்சி, கண் பரிசோதனை எழுதினேன். ஓ.பி. சீட்டுல நாலாவதா "லெப்ட் சைடு மிரர்"னு எழுதினேன்.

இன்னைக்கு வந்தார். கழுத்து கொஞ்சம்தான் இளகியிருக்கு. கண் டாக்டரை இன்னும் பார்க்கலை. "மிரர் மட்டும் வாங்கிட்டேன் சார், அது மெடிக்கல்ல கிடைக்கலை"ன்னு சிரிச்சார்.

கண் டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்தேன்.

உங்க வண்டியில இடது பக்க மிரர் இருக்கா? இதைப் படிச்சு முடிச்சதும் ஒரு நடை போய்ப் பாருங்க. தோட்டத்துக்குப் போற அக்காக்கள் வீட்டுல இருந்தா, நாளைக்கு ஏறும்போது பார்க்கச் சொல்லுங்க.