கிண்ணத்தின் மேல் பிரியாணி

சென்னையில் புகைப்படக் கலைஞர் ஒருவரிடம் பணிபுரியும் என் பழைய மாணவர், "ஹஜ்ரத், ஒரு நாள் எங்கள் வேலையை வந்து பாருங்கள்" என்று நெடுநாளாக அழைத்துக்கொண்டிருந்தார். சென்ற மாதம் போயிருந்தேன். உணவு விடுதி ஒன்றின் விளம்பரத்துக்காக அன்று பிரியாணியைப் படமெடுத்தார்கள்.

ஒரே ஒரு தட்டுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம்! விளக்குகளையும் வெண்திரைகளையும் நகர்த்தி நகர்த்தி அவர்கள் ஒளியை வசப்படுத்திய திறமையை மனமாரப் பாராட்டுகிறேன். 'கிதாபுல் மனாளிர்' இயற்றிய இப்னுல் ஹைஸம் இருந்திருந்தால் அவரும் அருகில் நின்று பார்த்திருப்பார். ஆனால், மற்றவை அவ்வாறில்லை. இறைச்சி அரைவேக்காடு, முழுதும் வெந்தால் சுருங்கிவிடுமாம். பளபளப்புக்காகத் தூரிகையால் எண்ணெய் பூசினர். ஆவி எழும்புவதற்கு, நீரில் நனைத்துச் சூடாக்கிய பஞ்சைச் சோற்றின் பின்னே ஒளித்தனர். பக்கத்துக் குளிர்பானக் குவளையில் அரும்பியிருந்தவை நீர்த்துளிகள் அல்ல, கிளிசரின். உள்ளே மிதந்தது பனிக்கட்டியன்று, அக்ரிலிக். இவையெல்லாம் போகட்டும். தட்டின் நடுவே சிறு கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் சோற்றைப் பரப்பி, கறித்துண்டுகள் அனைத்தையும் முன்புறமாக அடுக்கினார்களே, அதைத்தான் என் மனம் ஒப்பவில்லை. இரண்டு கைப்பிடிச் சோறு குன்றாக எழுந்து நின்றது!

"இது என்ன தம்பி?" என்றேன்.

"படத்தில் உணவு அமுங்கித் தெரியும், ஹஜ்ரத். அதைச் சரிசெய்கிறோம். எல்லாரும் செய்வதுதான்" என்றார்.

கேமராவின் குறையை ஒளியால் ஈடுசெய்வது வேறு. இல்லாத அளவை இருப்பதாகக் காட்டுவது வேறு. ஒட்டகத்தையும் ஆட்டையும் விற்குமுன் கறவாது விட்டு, மடி பெருக்கச் செய்து விற்கும் சூது அக்கால அரபுச் சந்தைகளில் இருந்தது. 'தஸ்ரியா' என்பது அதன் பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அதைத் தடுத்தார்கள். ஏமாந்தவர் விலங்கைத் திருப்பித் தரலாம். கூடவே ஒரு ஸாஉ பேரீச்சம்பழமும் தரவேண்டும். அந்த ஈடு குறித்து ஹனஃபி அறிஞர்கள் வேறு கருத்துடையர். ஆயினும் அச்செயல் ஆகாது என்பதில் வேற்றுமை இல்லை. விற்றவன் ஒரு பொய்யும் சொல்லியிருக்கமாட்டான். மடியே அவனுக்காகப் பேசிற்று. இங்கே கிண்ணம் பேசுகிறது.

அமெரிக்காவில் காம்பெல் நிறுவனம் தன் சூப் விளம்பரத்தில், கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டுக் காய்த்துண்டுகளை மேலே எழச்செய்தது. அங்குள்ள கூட்டரசு வணிக ஆணையம் 1970இல் அதைத் தடுத்தது. நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், பொருளின் அளவைப் பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரத்தைக் குற்றப்படுத்துகிறது. நாமோ, படம் எடுப்பது கூடுமா கூடாதா என்று எத்தனை பக்கங்கள் எழுதித் தீர்த்தோம்! படத்துக்குள் ஒளிந்திருக்கும் கிண்ணத்தைப் பற்றி எழுதியவர் எத்தனை பேர்? சட்டைப்பையிலுள்ள பணத்தை எண்ணிப் பார்த்து, அந்தக் குன்றை நம்பி, நான்கு பிள்ளைகளுக்கு ஒரு தட்டு போதுமென்று கேட்டு வாங்கும் தகப்பனுக்கு நம் ஃபத்வா எதனால் உதவும்?

அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை கிராம் சோறு, எத்தனை துண்டு கறி என்று படத்தின் கீழ் அச்சிடட்டும். அதையே தட்டிலும் வைத்துப் படமெடுக்கட்டும். மாணவரிடம் இதைச் சொன்னேன். "முதலாளியிடம் கேட்டுப் பார்க்கிறேன், ஹஜ்ரத்" என்றார். இதுவரை பதில் வரவில்லை.