புறாத்தீவும் வாசலில் கட்டிய நாயும்



சோளகக் காலம் வந்தால் திருகோணமலைக் கடல் அமைதியடைந்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளிக் கரையில் படகுகளுக்கு ஓய்வு இராது. கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாத்தீவுக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். நீங்களும் போய் வாருங்கள். பவளப் பாறைகளையும் வண்ண மீன்களையும் கண்டு, "ஸுப்ஹானல்லாஹ்" என்று பிள்ளைகள் தாமாகச் சொல்லும் இடம் அது.

வீட்டில் நாய் இருந்தால் பிள்ளைகள் ஒன்று கேட்பார்கள்: "உம்மா, அதையும் படகில் கூட்டிப் போவோமா?"

வேட்டைக்கும், கால்நடைக்கும், பயிருக்கும் காவலாக நாய் வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்துள்ளார்கள். வீட்டுக் காவலையும் இதனோடு சேர்த்து ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் மாட்டுப் பட்டி வைத்திருப்போருக்கு இது புதிய செய்தியல்ல. ஆனால் காவல் நாய்க்குத் தீவில் வேலையில்லை.

புறாத்தீவு 1963ல் சரணாலயமாகவும், 2003ல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. அங்கே வளர்ப்புப் பிராணிகளைக் கொண்டுபோகச் சட்டம் இடந்தருவதில்லை. தீவுக்குப் பெயர் தந்த மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளில் கூடு கட்டுகின்றன. நாய் குரைத்தால் தாய்ப்பறவை முட்டையை விட்டுப் பறந்துவிடும். மேலும், சிறிய படகில் நாய் மிரண்டு துள்ளினால் எல்லோருமே ஒரு பக்கம் சாய்வார்கள். 2021 நவம்பர் 23ல் குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்படப் பல உயிர்கள் போனதை நம் மாவட்டம் மறந்துவிடாது. அளவுக்கு மேல் ஆள் ஏறிய படகில் ஏறாதீர்கள். கைக்குழந்தைக்கும் பொருத்தமான பாதுகாப்பு அங்கி இல்லையென்றால் கரையிலேயே நின்றுவிடுங்கள்.

ஆகவே நாய் வீட்டில்தான். "கட்டிவிட்டோம், கேற்றைப் பூட்டிவிட்டோம், வேலை முடிந்தது" என்று நினைக்கிறோமே, அங்கேதான் என் கவலை.

காலையில் நிழலாக இருந்த இடம் நண்பகலில் வெயிலாகிவிடும். தண்ணீர்ச் சட்டியை நாயே தட்டிக் கவிழ்த்துவிடும். சங்கிலியில் இருப்பதால் நிழலுக்கும் போக முடியாது, தண்ணீர் தேடவும் முடியாது. நாம் கடலில் குளித்துக்கொண்டிருப்போம். அந்த வாயில்லா ஜீவன் நாக்கைத் தொங்கவிட்டுக் கொண்டு வாசலைப் பார்த்துக் கிடக்கும்.

ஒரு பூனையை அடைத்து வைத்த பெண்ணைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நினைத்துப் பாருங்கள். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. தானாக இரை தேடிக்கொள்ள அவிழ்த்தும் விடவில்லை. அது செத்தது, அவள் நரகத்துக்கு உரியவளானாள். தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு வந்து புகட்டியவருக்கோ அல்லாஹ் பாவமன்னிப்பு வழங்கினான். இரண்டையும் புகாரீ, முஸ்லிம் கிரந்தங்களில் காணலாம்.

"நாய் நஜீஸ் ஆயிற்றே, எப்படிக் கிட்டப் போவது?" என்று சில சகோதரிகள் தயங்குகிறார்கள். நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவச் சொன்னவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். சுத்தம் ஒரு கடமை, இரக்கம் இன்னொரு கடமை. ஒன்றைக் காட்டி மற்றதை விடலாகாது. சோறு வைக்க நாயைத் தொடவேண்டியதில்லை. தொட்டாலும், இரு பக்கமும் ஈரமில்லாமல் உலர்ந்திருந்தால் அசுத்தம் ஒட்டாது என்பதே ஷாஃபிஈ சட்டம். அதற்கென ஒரு சட்டியைத் தனியே ஒதுக்கிவிட்டால் வீட்டுப் பாத்திரங்களைப் பற்றிய பயமும் இல்லை.

எனவே, புறப்படுமுன் இவற்றைப் பாருங்கள். நாள் முழுதும் நிழல் விழும் இடத்தில், நீளமான கயிற்றில் கட்டுங்கள். கவிழாத கனமான சட்டியில் தண்ணீர் வையுங்கள். இரவு தங்குவதானால், சோறும் நீரும் வைக்க ஒருவரிடம் பொறுப்புச் சொல்லாமல் படியிறங்காதீர்கள்.

அயல்வீட்டார் தமிழரோ சிங்களவரோ, "நாங்கள் வரும்வரை எங்கள் நாயைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். அதில் அயலாரின் உரிமையும் இருக்கிறது, வாயில்லா ஜீவனின் உரிமையும் இருக்கிறது. தண்ணீர்ச் சட்டியை உங்கள் மகன் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். தெருநாய்க்குக் கல்லெறியும் கை, அன்றிலிருந்து எறிய யோசிக்கும்.

நம் பயணங்களையும், நாம் விட்டுச்செல்லும் உயிர்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.