மெதுவாக ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

மோட்டார் சைக்கிளை வேகமாக ஓட்டுவதற்குப் பெரிய கெட்டித்தனம் எதுவும் தேவையில்லை. வலக்கை மணிக்கட்டை முறுக்கினால் போதும். மீதியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். ஆனால், ஒரு மனிதன் நடந்துபோகும் வேகத்தில், காலை நிலத்தில் ஊன்றாமலும் இயந்திரத்தை நின்றுபோக விடாமலும் ஐம்பது யார் தூரம் ஓட்டிக் காட்டுவது கடினம். இந்த உண்மையை அறிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. அண்மையில் என் மருமகளுக்கு மோட்டார் சைக்கிள் பழக்கியபோது, இதைப் பற்றி எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது.

மருமகள் என் அக்காவின் மகள். கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ-9 வீதியிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருக்கும் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அதைத் தவறவிட்டால் அன்றைய நாள் போயிற்று. 2020 இல் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டதன் பின்னர் ஏறிய விலையில் புதிய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கும் வசதி அவளுக்கு இல்லை. காலமாகிவிட்ட அத்தானின் 125 சி.சி. மோட்டார் சைக்கிள் வீட்டுக் கொட்டிலில் நின்றது. அவளிடம் சாரதி அனுமதிப்பத்திரமும் இருந்தது. ஆனால், ஓட்டப் போன முதல் நாளே சந்தியில் வண்டி இரண்டு தரம் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது. மூன்றாம் தரம் பதற்றத்தில் அக்சிலரேற்றரை முறுக்கிக்கொண்டு கிளச்சைப் பட்டென்று விட்டிருக்கின்றாள். வண்டி பாய்ந்து மதகில் மோதியது. முழங்காலில் காயம். அதன் பிறகு அந்த மோட்டார் சைக்கிளை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

"எனக்கு இது சரிவராது மாமா" என்றாள். "பொம்பிளைப் பிள்ளைக்கு உது எதுக்கு?" என்றார் அக்கா.

பரீட்சையில் எப்படித் தேறினாய் என்று விசாரித்தேன். பழக்கியவர் வண்டியின் ஐட்லிங்கைச் சற்றுக் கூட்டி வைத்துவிடுவாராம். முதலாவது கியரில் போட்டு, கிளச்சை முழுதாக விட்டால் வண்டி தானாகவே ஊர்ந்துகொண்டிருக்கும். கைபிடியைத் திருப்பத் தெரிந்தால் எட்டு வடிவம் முடிந்துவிடும். அதாவது, கிளச்சைத் தொடாமலே என் மருமகள் சாரதியாகிவிட்டாள்!

அவளைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் பழகியது 1992 இல், யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடைக் காலத்தில். பெற்றோல் கிடைத்தற்கரிய பொருள். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோலை ஊசியால் விட்டு, உதைத்து ஸ்ரார்ட் செய்து, இயந்திரம் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய் கொடுக்கலாம். இடையில் நின்றுவிட்டால் இத்தனை சடங்கும் மீண்டும் முதலிலிருந்து நடக்கவேண்டும், பெற்றோலும் வீண். ஆகவே எனக்குப் பழக்கிய நண்பர் ஒரேயொரு பாடத்தைத்தான் சொல்லித் தந்தார்: "என்ன நடந்தாலும் எஞ்சினை நிற்க விடாதை." நானும் இயந்திரத்தை அலறவிட்டு, கிளச்சைச் சட்டென்று விட்டு, குலுங்கிக்கொண்டு புறப்படக் கற்றுக்கொண்டேன். மண்ணெண்ணெயில் வலுக்குறைந்து ஓடிய இயந்திரத்துடன் அது எப்படியோ ஒத்துப்போனது.

1997 இல் நிலைமை வேறு. குடாநாடு இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்தது. பெற்றோல் வந்துவிட்டது, சோதனைச் சாவடிகளும் வந்துவிட்டன. ஒரு நாள் மாலை, செய்தி சேகரித்துவிட்டுத் திரும்பும் வழியில், சாவடியொன்றில் இறங்கி, வண்டியை உருட்டிச் சென்று, அடையாள அட்டையைக் காட்டி முடித்தேன். போகலாம் என்று கைகாட்டினார்கள். அந்த இடத்தில் இயந்திரம் நின்றுவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் பழைய வழக்கப்படி முறுக்கி, கிளச்சை விட்டேன். வண்டி பாய்ந்து மணல் மூட்டைகளின் பக்கம் போயிற்று. சிப்பாயின் துப்பாக்கி என் நெஞ்சுக்கு நேரே உயர்ந்தது. நான் வண்டியை விழவிட்டு இரு கைகளையும் உயர்த்தினேன். அவனுக்கு இருபது வயதுக்கு மேல் இராது. அவனுடைய கைகளும் நடுங்கின. அரைமணி நேர விசாரணையின் பின் விட்டுவிட்டார்கள். வீடு வரைக்கும் வண்டியை உருட்டிக்கொண்டே நடந்தேன்.

அன்று வண்டி நின்று போயிருந்தால் எனக்கு ஒன்றும் நடந்திராது. நின்றுவிடுமோ என்ற பயம்தான் என்னைத் துப்பாக்கி முனைக்குக் கொண்டுசென்றது. மருமகளை மதகில் மோத வைத்ததும் அதே பயம்தான்.

கிளச் என்ன செய்கின்றது என்பதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. சாதாரண மோட்டார் சைக்கிளின் கிளச்சுக்குள் இரண்டு வகைத் தட்டுகள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வகை இயந்திரத்தோடு சுழல்வது. மற்றையது கியர்ப் பெட்டியோடு சேர்ந்தது. வில்சுருள்கள் அவற்றை ஒன்றோடொன்று அழுத்தி வைத்திருக்கின்றன. இடக்கைப் பிடியை இழுத்தால் அழுத்தம் நீங்கித் தட்டுகள் விலகும். மெல்ல விட்டால், முழுதாகக் கவ்வுவதற்கு முன் அவை வழுக்கி வழுக்கிச் சுழலும். இதைத்தான் அரைக் கிளச் என்கின்றோம். பிடியின் அசைவில் ஒரு சிறு பகுதிதான் இந்த இடம். மெதுவாக ஓட்டும் வித்தை முழுவதும் அதற்குள்தான் இருக்கின்றது. கிளச் தேய்ந்துவிடும் என்று சிலர் அஞ்சுவார்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இத்தட்டுகள் எண்ணெயில் தோய்ந்தே சுழல்வதால் சிறிது நேர வழுக்கலைத் தாங்கும்.

கிளச்சைப் பட்டென்று விடும்போது வண்டி முன்னே பாய, உடல் பின்னே சாய்கின்றது. அக்சிலரேற்றரைப் பிடித்திருக்கும் கை தானாகவே மேலும் முறுக்குகின்றது. பயந்தவன் இன்னும் இறுக்கிப் பிடிக்கின்றான். வேகம் இன்னும் கூடுகின்றது. அந்தக் கணத்தில் தப்புவதற்கு முதல் வழி இடக்கையை இறுக்கி மூடுவதுதான். சக்கரத்துக்குப் போகும் சக்தி உடனே அறுந்துவிடும். இதைப் பழகியிராத கை ஆபத்து வேளையில் இதைச் செய்யாது.

அமெரிக்காவில், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேர்ட் தலைமையிலான குழு லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981 இல் அறிக்கை வெளியிட்டது. விபத்துக்குள்ளானவர்களில் 92 சதவீதமானோர் தாமாகவோ, குடும்பத்தவரிடமோ, நண்பர்களிடமோ ஓட்டப் பழகியவர்கள். அரைவாசிக்கு மேற்பட்டோருக்கு, விபத்துக்குள்ளான அந்த வண்டியில் ஐந்து மாத அனுபவம்கூட இருக்கவில்லை. பழைய அறிக்கைதான், ஊரும் வேறுதான். ஆனாலும், மண்ணெண்ணெய்க் காலத்து என் நண்பரின் பாடம் இதை வாசிக்கும்போது நினைவுக்கு வருகின்றது.

ஜப்பானில் அனுமதிப்பத்திரப் பரீட்சையில் ஒரு பகுதி உண்டு. 15 மீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட, நிலத்திலிருந்து சற்றே உயர்ந்த ஒடுங்கிய மேடையின் மீது ஓட்டவேண்டும். 400 சி.சி. வரையிலான வண்டிகளுக்குரிய பரீட்சையில் அதைக் கடக்க 7 விநாடிகளாவது எடுக்கவேண்டும். பெரிய வண்டிகளுக்கு 10 விநாடிகள். அதற்கு முன்னரே கடந்துவிட்டால் புள்ளி குறையும். விழுந்தால் பரீட்சை அத்துடன் சரி. உலகத்துக்கே மோட்டார் சைக்கிள் செய்து விற்கும் நாடு, தன் பிள்ளைகள் எவ்வளவு மெதுவாக ஓட்டுகின்றார்கள் என்பதைத்தான் கடிகாரம் வைத்துப் பார்க்கின்றது.

மருமகளைப் பாடசாலை மைதானத்துக்கு அழைத்துச் சென்றேன். முதல் நாள் அவளுக்குக் கொடுத்த வேலை, வண்டியை வேண்டுமென்றே நிற்கவைப்பது. கிளச்சைச் சட்டென்று விடு, நின்றுவிட்டதா? பிறேக்கைப் பிடி, கிளச்சைப் பிடி, ஸ்ரார்ட் பண்ணு. இருபது தடவை. பத்தாவது தடவையில் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். இரண்டாம் நாள், அக்சிலரேற்றரைத் தொடவே கூடாது என்றேன். இரு கால்களையும் ஊன்றிக்கொண்டு, வண்டி அசையும் வரை மட்டும் கிளச்சை விடுவது; அசைந்ததும் இழுப்பது. கவ்வும் இடத்தை விரல்கள் மனப்பாடம் செய்யும் வரை அதுவே பாடம். மூன்றாம் நாள் நான் நடந்தேன். எனக்குப் பக்கத்தில் அவள் ஓட்டி வந்தாள். பின் பிறேக்கில் கால் மெல்லப் பதிந்திருக்க, பார்வை முன் சில்லில் அல்லாமல் போகும் திசையில் இருக்க, எழுபது வயதை நெருங்கும் என் நடைக்கு ஈடாக வந்தாள். "பயப்படாதை" என்ற சொல்லை ஒரு தடவையேனும் நான் உச்சரிக்கவில்லை. அச்சொல்லால் தைரியம் பெற்றவரை நான் கண்டதில்லை.

கிளச் வழக்கொழிந்துவரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 1958 இல் வெளிவந்த ஹொண்டா சுப்பர் கப் வண்டிக்கே கையால் பிடிக்கும் கிளச் கிடையாது. யாழ்ப்பாண வீதிகளில் பல வருடங்கள் ஓடிய எம்.டி. 90 உம் அதே வம்சம்தான். ஸ்கூட்டர்களுக்கும் மின்சார வண்டிகளுக்கும் அது தேவையே இல்லை. ஆனால், புதியது வாங்க முடியாதவர்களின் வீடுகளில் நிற்பவை பழைய கியர் வண்டிகள்தாம். ஸ்கூட்டரில் பழகிய இளைஞர்கள் நேரே 150 சி.சி. வண்டிக்குத் தாவுவதையும் நாள்தோறும் காண்கின்றோம். எந்த வண்டியாயினும், மெதுவாக ஓட்டத் தெரியாதவர் சந்தியில் தடுமாறத்தான் செய்வார்.

எங்கள் பரீட்சையிலும் மெதுவாக ஓட்டிக் காட்டும் ஒரு பகுதி கட்டாயமாக இருக்கவேண்டும் என்பது எனது அபிப்பிராயம். அதற்கு ஒரு பலகையும் ஒரு கடிகாரமும் போதும். அது வரும்வரை, வீட்டில் பழக்கும் தகப்பன்மாரும் அண்ணன்மாரும் இடக்கையிலிருந்து தொடங்கட்டும். சந்தியில் ஒரு பிள்ளையின் வண்டி நின்றுபோனால், பின்னால் நிற்பவர்கள் பத்து விநாடி பொறுக்கட்டும். அந்த ஹோர்ன் சத்தம் அவளைப் பாயத்தான் வைக்கும்.

சென்ற கிழமை மருமகள் தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா, இண்டைக்குச் சந்தியில ரெண்டு தரம் நிண்டு போச்சு."

"பிறகு?"

"பிறகென்ன, ஸ்ரார்ட் பண்ணிக்கொண்டு பள்ளிக்கூடம் போனன்."