விஷவாயுக்கு இனி ஒரு உயிரும் வேண்டாம்

கிருமி என்ற சொல்லைக் கேட்டதும் காய்ச்சலும் பேதியும்தான் நினைவுக்கு வரும்.

ஆனால், எல்லாக் கிருமிகளும் மனிதனுக்குப் பகை அல்ல. பாலைத் தயிர் ஆக்குவது கிருமிதான். இட்லி மாவைப் பொங்க வைப்பதும் கிருமிதான். இதே கூட்டத்தில் இன்னொரு பிரிவு உண்டு. அது ஊரின் கழிவைத் தின்று அழிக்கிறது. கூலி கேட்பது இல்லை. இரவு, பகல் பார்ப்பது இல்லை.

சென்னையை அடுத்த ஐயப்பன்தாங்கலைப் பாருங்கள். "தாங்கல்" என்றால் சிறிய ஏரி என்று பொருள். ஊரின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. பக்கத்தில் போரூர் ஏரி. ஒரு காலத்தில் கிராமமாக இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. இப்படி வளர்ந்த புறநகர்களில் வீடுகள் பெருகிய வேகத்துக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை. அது வராத தெருக்களில் கழிவுக்கு ஒரே இடம், வீட்டின் கழிவுநீர்த் தொட்டிதான்.

அந்தத் தொட்டிக்குள் கோடிக்கணக்கான கிருமிகள் வேலை செய்கின்றன. காற்று இல்லாத இருட்டில் வாழும் இனம் அது. அது கழிவைக் கரைக்கிறது. அப்போது வாயு உண்டாகிறது.

நன்மையும் உண்டு

இந்த வாயுவை முறையாகப் பிடித்தால் அது எரிபொருள். மாட்டுச் சாணத்தில் இருந்து அடுப்பு எரிப்பது இந்தக் கிருமிகளின் உதவியால்தான்.

காற்றில் வாழும் கிருமிகளைக் கொண்டு சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் முறையை, இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் 1914-ம் ஆண்டு கண்டுபிடித்தார்கள். இன்று உலகம் எங்கும் அந்த முறை நடக்கிறது. சென்னைக் கோயம்பேட்டில், இப்படிச் சுத்தம் செய்த நீரை மேலும் வடிகட்டித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019-ம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் அளவு நாள் ஒன்றுக்கு 4½ கோடி லிட்டர். அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் மக்களுக்கு மிச்சம்.

ரெயிலிலும் கிருமிகள் ஏறிவிட்டன. குவாலியரில் உள்ள ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தின் விஞ்ஞானிகள், கடும் குளிரிலும் சாகாத கிருமிகளைத் தேர்ந்து எடுத்து வளர்த்தார்கள். அவற்றைக் கொண்டு ரெயில் பெட்டிகளில் உயிரிக் கழிவறைகள் அமைக்கப்பட்டன. ராமேசுவரம்-மானாமதுரை ரெயில் பாதை 114 கிலோ மீட்டர் நீளம். தண்டவாளத்தில் மலம் விழாத முதல் பாதையாக அது 2016-ம் ஆண்டு ஜூலை மாதம் அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே முதல் பாதை அதுதான்.

எமனும் அதுவே

ஆனால், மூடிய தொட்டியில் தேங்கும் வாயு எமன் ஆகிவிடுகிறது.

அதில் ஒரு வாயு அழுகிய முட்டைபோல் நாறும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். நாற்றமே தெரியாது. "நாற்றம் இல்லை, ஆபத்து இல்லை" என்று எண்ணி இறங்குகிறவர், சில மூச்சிலேயே சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் சாய்வார். ஒரே தொட்டியில் இரண்டு, மூன்று பேர் பலியாவது இதனால்தான். விளக்கைக் கொளுத்தி இறக்கிப் பார்ப்பதும் ஆபத்து. இன்னொரு வாயு தீப்பற்றிக்கொள்ளும்.

பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதனைத் தொட்டிக்குள் இறக்குவது குற்றம் என்று 2013-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2023-ம் ஆண்டு அக்டோபரில் தீர்ப்புக் கூறியது. ஆனால், போன அப்பாவை எந்தப் பணமும் பிள்ளைகளுக்குத் திருப்பித் தராது.

வழி இருக்கிறது

இறுகிய கசடைக் கலக்கி உறிஞ்சும் "ஹோமோசெப்" என்ற இயந்திரத்தைச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கி இருக்கிறது. உறிஞ்சு லாரிகளும் இருக்கின்றன. இயந்திரம் இருக்கும்போது மனிதன் ஏன் இறங்கவேண்டும்? சந்து பொந்துகளுக்கும் போகக்கூடிய இயந்திரங்களை ஒவ்வொரு ஊராட்சிக்கும் அரசு கொடுக்கவேண்டும். பாதாளச் சாக்கடை வேலையையும் விரைந்து முடிக்கவேண்டும்.

வீட்டாருக்கும் கடமை உண்டு. ஆசிட்டையும் பினாயிலையும் கழிவறையில் அளவுக்கு மீறிக் கொட்டக்கூடாது. கொட்டினால் வேலை செய்யும் கிருமிகள் செத்துவிடும். தொட்டி விரைவில் நிரம்பும். 2 அல்லது 3 ஆண்டுக்கு ஒரு முறை லாரியை வரவழைத்துத் தொட்டியைக் காலி செய்யவேண்டும். அதற்கு 14420 என்ற உதவி எண் இருக்கிறது. எடுத்த கழிவை ஏரியிலோ, கால்வாயிலோ கொட்டாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்கே கொண்டுபோகச் சொல்லவேண்டும்.

குறைந்த கூலிக்கு இறங்க ஒரு ஏழை முன்வந்தாலும், "வேண்டாம்" என்று தடுக்கவேண்டும். தொட்டிக்குள் கிருமி வேலை செய்யட்டும். வெளியே இயந்திரம் வேலை செய்யட்டும். மனிதன் மாலையில் உயிரோடு வீடு திரும்பட்டும்.